வாயிற்காவலாகும் பழைய கணினி

வீட்டிற்கு வாயில் உண்டு. வாயிலுக்குக் கதவு உண்டு. கதவுக்குத் தாழும் உண்டு. இவை நம் முன்னோர் கண்ட ஏற்பாடுகள். ஆனால் கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் நம் வீடுகளுக்கு மற்றொரு வாயிலும் வந்து சேர்ந்துள்ளது. அது எளிதில் கண்ணுக்குப் புலனாவதில்லை. தெருக் கம்பத்திலிருந்து மெல்லிய கண்ணாடி இழையாக வந்து, சுவரில் பொருத்திய ஒரு சிறு பெட்டியில் அது முடிகிறது. அதன் வழியே வங்கிக் கணக்கும், குழந்தைகளின் பாடமும், தொலைவில் வாழும் மக்களின் முகமும் குரலும் நம் கூடத்திற்கு வந்து சேருகின்றன. அதே வழியில் வேண்டாதவரும் வரலாம். இந்த வாயிலுக்குக் காவல் வைப்பது எங்ஙனம்? வீட்டில் ஒதுக்கிப் போட்டிருக்கும் ஒரு பழைய கணினி அக்காவலைச் செய்ய வல்லதா? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதே நம் நோக்கம்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ் அன்பர்களுக்கு இப்பொருள் சிறப்பாக உரியது. திருவனந்தபுரத்து வலியசாலையை எடுத்துக்கொள்வோம். காந்தளூர் மகாதேவர் கோயிலைச் சார்ந்த இப்பகுதியின் தெருக்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. இத்தகைய தெருக்களில், முதியோர் இருவர் மட்டும் வீட்டில் இருக்க, பிள்ளைகள் பெங்களூரிலும் மும்பையிலும் கடல் கடந்த நாடுகளிலும் இருப்பது இன்று அரிதான காட்சியன்று. அவ்வாறான ஒரு வீட்டை மனத்தில் கொள்வோம். தந்தையார் ஓய்வு பெற்றவர். ஓய்வூதியம் வந்ததா என்று கைபேசியிலேயே பார்த்துக்கொள்கிறார். தாயார் மாலை வேளையில் பேரக்குழந்தையைத் திரையில் கண்டு பேசுகிறார். வாசலுக்கு வருபவர் யாரென அறிய, விடுமுறைக்கு வந்த மகன் ஒரு கேமராவைப் பொருத்திச் சென்றிருக்கிறான். தொலைக்காட்சியும் இணையத்தாலேயே இயங்குகிறது. எண்ணிப் பார்த்தால், அவ்வீட்டில் இணையத்தோடு பிணைந்த பொருள்கள் ஏழெட்டு இருக்கும். இவை யாவற்றையும் காக்கும் பொறுப்பு யாருடையது?

ரேழியும் தீயரணும்

பழைய அக்கிரகார வீட்டின் அமைப்பை நினைவு கூர்ந்தால் இவ்விஷயம் எளிதில் விளங்கும். தெருவை அடுத்துத் திண்ணை, அதன்பின் வாசற்கதவு, உள்ளே நுழைந்தால் ரேழி, ரேழியைக் கடந்த பின்னரே கூடம். ரேழிக்கு இரண்டு கதவுகள். ஒன்று தெருவை நோக்கியது. மற்றொன்று வீட்டை நோக்கியது. தெருவிலிருந்து வருபவர் நேரே கூடத்தில் நுழைந்துவிட முடியாது. ரேழியில் நிறுத்தி, யார், எதற்கு வந்தார் என்று கேட்ட பிறகே உள்ளே விடுவர்.

கணினி உலகில் ரேழியின் இவ்வேலையைச் செய்வதற்குக் கடைத்தெருவில் ஃபயர்வால் என்று பெயர். தமிழில் தீயரண் என வழங்குவர். ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த வீட்டிற்குத் தாவாதபடி இடையில் எழுப்பும் சுவருக்கு வழங்கிய பெயரே கணினித் துறையினரால் எடுத்துக்கொள்ளப்பட்டது. தீயரணுக்கும் இரண்டு கதவுகள் வேண்டும். இணையத்தை நோக்கிய இணைப்பு ஒன்று. வீட்டை நோக்கிய இணைப்பு மற்றொன்று. ஆகவேதான் தீயரணாகப் பயன்படும் கணினியில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் இன்றியமையாதன ஆகின்றன.

இணையத்தில் செல்லும் செய்தி எதுவும் ஒரே முழுப்பொருளாகச் செல்வதில்லை. சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து செல்கிறது. ஒவ்வொரு பொதியின் மேலும், தபால் உறையில் இருப்பதுபோல, அனுப்புவோர் முகவரியும் பெறுவோர் முகவரியும் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றோடு போர்ட் எண் என ஓர் எண்ணும் இருக்கும். எந்த வேலைக்காக அப்பொதி வருகிறது என்பதை அவ்வெண் உணர்த்தும். இணையப் பக்கங்களுக்கு 80, 443. பெயரை முகவரியாக மாற்றும் பணிக்கு 53. விண்டோஸ் கணினிகள் தம்முள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்வதற்கு 445. தீயரண் இவற்றைப் படித்துத் தன்னிடம் எழுதி வைத்த விதிகளோடு ஒப்பிட்டு, விடுவதா மறுப்பதா என முடிவு செய்கிறது.

இவ்விதிகளுள் தலையாயது ஒன்றே: வெளிப்படையாக அனுமதிக்கப்படாதது யாவும் மறுக்கப்படும். ஆனால் வெளியிலிருந்து வரும் எல்லாவற்றையும் மறுத்தால் இணையம் எவ்வாறு இயங்கும் என்ற ஐயம் எழலாம். தீயரணுக்கு நினைவாற்றல் உண்டு. வீட்டிலுள்ள ஒருவர் வங்கியின் பக்கத்தைக் கேட்டால், அக்கேள்வி வெளியே சென்றதை அது குறித்துக்கொள்கிறது. அதற்குரிய பதில் வரும்போது உள்ளே விடுகிறது. ஒருவரும் கேளாமல் தானே வந்து கதவைத் தட்டும் பொதியைத் திருப்பிவிடுகிறது. நாம் அழைத்தவர் வரலாம். அழையாதார் வரலாகாது என்பதே இதன் சாரம்.

காவல் எதற்கு?

1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், அமெரிக்க மாணவர் ராபர்ட் மாரிஸ் எழுதிய ஒரு நிரல் தானே பரவிச் சென்று பல்லாயிரம் கணினிகளை முடக்கிற்று. அக்காலத்து இணையம் மிகச் சிறியது. அதில் பங்குகொண்டோர் ஒருவரையொருவர் நம்பியிருந்தனர். அந்நம்பிக்கை மட்டும் போதாது என்று உணர்த்திய நிகழ்ச்சி அது. அதனையொட்டிய ஆண்டுகளில்தான் தீயரண்கள் வளர்ந்தன.

நம் காலத்திற்கு வருவோம். 2016ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீநிரல் வீட்டுக் கேமராக்களையும் ரௌட்டர்களையும் பற்றிக்கொண்டது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாது விட்ட கருவிகளையே அது தேடிப் பிடித்தது. அவ்வாறு கைப்பற்றிய கருவிகளை ஒருசேர ஏவி, அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அமெரிக்காவின் பெரிய இணையத்தளங்கள் பலவற்றை மணிக்கணக்கில் அணுக முடியாதபடி செய்தனர். கேமராவின் உரிமையாளர்களுள் பலருக்குத் தம் கருவி அத்தாக்குதலில் ஈடுபட்டது தெரிந்திருக்கவே முடியாது. மறு ஆண்டு ஜூலையில் நம் நாட்டில் பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் அகலப்பட்டை மோடம்கள் பல இதே காரணத்தால் தாக்குண்டு செயலிழந்தன. கடவுச்சொல்லை உடனே மாற்றுமாறு வாடிக்கையாளர்களை அந்நிறுவனம் கேட்டுக்கொண்டது.

அதற்கு இரண்டு மாதங்கட்கு முன், 2017 மே 12ஆம் நாள், வான்னகிரை என்னும் தீநிரல் உலகெங்கும் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணயத் தொகை கேட்டது. கேரளத்தில் வயநாடு மாவட்டத்துத் தரியோடு ஊராட்சி அலுவலகக் கணினிகளும் அதற்கு இலக்காயின. மேலே கூறிய 445ஆம் எண் வாயிலே அது பரவிய வழி. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. திருத்தத்தை ஏற்காமலும், அவ்வாயிலை அடைக்காமலும் இருந்த இடங்களிலேயே தீங்கு மிகுந்தது. மலைநாட்டு ஊராட்சி அலுவலகம் ஒன்றைத் தேடி எவரும் தனியே வரவில்லை. திறந்திருந்த கதவுகளையெல்லாம் நிரல் தானே தள்ளிப் பார்த்தது. நம்மிடம் என்ன இருக்கிறது, நம்மை யார் தாக்கப் போகிறார் என்போர் இதனைச் சிந்திக்க வேண்டும்.

மோடத்திலேயே ஒரு காவல் இருக்கின்றதே எனச் சிலர் கேட்கலாம். உண்மைதான். பெரும்பாலான மோடம்களில் எளிய தீயரண் ஒன்று உண்டு. மேலும், இணைய முகவரிகளின் பழைய முறையில் மொத்தம் 429 கோடி முகவரிகளே உள்ளமையால், வீட்டிலுள்ள கருவிகள் யாவும் ஒரே வெளிமுகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் அவை ஓரளவு மறைந்தும் நிற்கின்றன. ஆயினும் மூன்று குறைகள் உள. முதலாவது, மலிவான மோடம்களுக்குத் திருத்தங்கள் ஒழுங்காக வருவதில்லை. இரண்டாவது, வீட்டுக் கருவிகளைத் தனித்தனிப் பிரிவாக வைக்கும் வசதி அவற்றில் பெரும்பாலும் இல்லை. மூன்றாவது, ஐ.பி.வி6 என்னும் புதிய முகவரி முறையில் ஒவ்வொரு கருவிக்கும் உலகறிந்த முகவரியே கிடைக்கிறது; அங்கு மறைவு என்பது இல்லை. ஆகையால் வாயிலில் நிற்கும் விதியே முழுக் காவலாகிறது.

பழைய கணினியின் புதிய வேலை

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிவந்த பொதுவான ஆதரவு முடிவுற்றது. அதற்கு அடுத்த விண்டோஸ் 11ஐ ஏற்க இயலாத கணினிகள் ஏராளம். அவை பழுதுபட்டவை அல்ல. எனினும் பரண்மேல் ஏறிவிட்டன. தீயரணின் வேலையோ இலேசானது. அதற்குத் திரை வேண்டா, ஒலி வேண்டா, பெரிய சேமிப்பிடமும் வேண்டா. 64 பிட் செயலியும், 4 ஜி.பி. நினைவகமும், சிறியதொரு எஸ்.எஸ்.டி.யும் இருந்தால் ஒரு வீட்டின் போக்குவரத்தைத் தாராளமாகத் தாங்கும்.

இதற்குரிய மென்பொருள்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. 2003இல் மோனோவால் என்ற சிறு திட்டம் தொடங்கிற்று. அதன் வழிவந்ததே பிஎஃப்சென்ஸ். அதிலிருந்து பிரிந்து 2015இல் நெதர்லாந்தில் தோன்றியது ஓபிஎன்சென்ஸ். லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஐபிஃபயர் ஜெர்மனியைச் சேர்ந்தது. இத்தகைய கட்டற்ற மென்பொருள்களுக்குத் திருவனந்தபுரம் புதிய இடமன்று. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் தொடங்கப்பெற்றது இந்நகரிலேதான். கேரளத்து அரசுப் பள்ளிகளிலும் பல ஆண்டுகளாகக் கணினிப் பாடம் லினக்ஸ் வழியே கற்பிக்கப்படுகிறது. ஆகவே வலியசாலை வீடொன்றில் இவ்வேலையைத் தொடங்க நினைப்போர்க்கு, பக்கத்து வீட்டுப் பள்ளி மாணவரே நல்ல துணையாக அமையக்கூடும்.

செய்முறையைச் சுருங்கக் கூறுவோம். முதலில் பழைய கணினியிலுள்ள புகைப்படங்களையும் கடிதங்களையும் வேறிடத்தில் படியெடுத்துக்கொள்க. நிறுவும்போது அதிலுள்ள யாவும் அழிந்துவிடும். அடுத்து, இரண்டாவது நெட்வொர்க் கார்டு ஒன்றை வாங்கிப் பொருத்துக. பிஎஃப்சென்ஸும் ஓபிஎன்சென்ஸும் இன்டெல் நிறுவனத்துச் சில்லுகளோடு நன்கு இணங்கிச் செல்லும் என்பது பயன்படுத்துவோர் அனுபவம். பின்னர் மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்தே பெற்று, உடன் தரும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டு, ஒரு பென் டிரைவில் எழுதுக. அந்தப் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி நிறுவலை முடிக்கலாம். எந்தக் கார்டு தெருப்பக்கம், எந்தக் கார்டு வீட்டுப்பக்கம் என்று அது கேட்கும். இவ்விடத்தில் மாற்றிக் கூறினால் கதவைத் திருப்பி வைத்ததுபோலாகும். ஆதலின் இரண்டு கார்டுகளின் முதுகிலும் ‘தெரு’, ‘வீடு’ என்று துண்டுத்தாள் ஒட்டிவைப்பது நலம்.

நிறுவிய உடனே செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, உடன்வந்த கடவுச்சொல்லை மாற்றுதல். மற்றொன்று, உள்முகவரியை மாற்றுதல். தீயரணின் உள்முகவரி வழக்கமாக 192.168.1.1 என்று இருக்கும். நம் நாட்டு மோடம்கள் பலவற்றின் முகவரியும் இதுவே. ஒரே தெருவில் இரண்டு வீடுகளுக்கு ஒரே கதவிலக்கம் இருந்தால் தபால்காரர் திகைப்பது போல, இணைப்பும் திகைத்து நின்றுவிடும். ஆகையால் தீயரணுக்கு 192.168.10.1 போன்ற வேறோர் எண்ணைத் தருக.

இனி இணைக்கும் வரிசை. மோடத்திலிருந்து வரும் கம்பி தீயரணின் தெருப்பக்கக் கார்டுக்குச் செல்லும். வீட்டுப்பக்கக் கார்டிலிருந்து ஒரு ஸ்விட்ச் பெட்டிக்கும், அதிலிருந்து வைஃபை பெட்டிக்கும் கம்பி செல்லும். பழைய வைஃபை ரௌட்டர் முகவரி வழங்கும் வேலையை நிறுத்திவிட்டு, அலைபரப்பும் வேலையை மட்டும் செய்ய வேண்டும். முகவரி வழங்கும் அதிகாரம் இனித் தீயரணுக்கே உரியது. மோடத்திலுள்ள வைஃபையையும் அணைத்துவிடுக. அதனை மறந்தால், முன்வாசலில் காவல் வைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்தவர் ஆவோம். இணைய நிறுவனத்தாரிடம் கேட்டு மோடத்தைப் பிரிட்ஜ் முறையில் வைத்துக்கொண்டால் இன்னும் சிறப்பு. அப்போது வெளியுலகத் தொடர்பு முழுவதும் தீயரணின் கைக்கு வரும்.

கேமராவுக்குத் தனி அறை

தீயரணின் பெரும்பயன் வெளியாரைத் தடுப்பதில் மட்டும் இல்லை. உள்ளே இருப்பவற்றைப் பிரித்து வைப்பதிலும் உள்ளது. மேலே நாம் கருதிய வீட்டில் ஐயத்திற்குரியது தந்தையாரின் கைபேசி அன்று. மகன் பொருத்திய கேமராவே. அது சில ஆண்டுகளில் திருத்தம் பெறாத பழம்பொருளாகிவிடும். அது கைப்பற்றப்பட்டால், முதியோர் இருவரின் அன்றாட நடமாட்டம் அயலார் கண்ணில் படும். அதே வலையில் உள்ள மற்றக் கருவிகளுக்கும் அது வழியாகும்.

ஆதலின் மூன்றாவது கார்டு ஒன்றைச் சேர்த்து, அல்லது அவ்வசதியுள்ள ஸ்விட்ச் ஒன்றைக் கொண்டு, கேமராக்களுக்குத் தனி வலை அமைக்க வேண்டும். அதற்குரிய விதிகளைத் தமிழில் எழுதினால் இவ்வாறு இருக்கும். வீட்டு வலையிலிருந்து கேமராவைக் காணலாம். கேமரா வலையிலிருந்து வீட்டு வலைக்குச் செல்லலாகாது. கேமரா தன் விருப்பம்போல் இணையத்திற்கும் செல்லலாகாது. தீயரண் விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. பொருந்திய முதல் விதியே செல்லும். எல்லாவற்றையும் அனுமதிக்கும் விதியை மேலே எழுதிவிட்டால், கீழே எழுதிய தடைகள் படிக்கப்படவே மாட்டா. வரிசையைப் பிழையின்றி அமைப்பதே இக்கலையில் பாதி எனலாம்.

அவ்வாறாயின் பெங்களூரிலுள்ள மகன் வலியசாலைக் கேமராவைக் காண்பது எப்படி? இங்குதான் பலர் ஒரு வாயிலைத் திறந்துவைத்துவிடுகின்றனர். அவர்கள் வரும் வழியில் உலகமும் வரும். அதற்கு மாறாக, வயர்கார்ட் போன்ற வி.பி.என். வழியைத் தீயரணில் அமைத்துக்கொள்ளலாம். அது சாவி உள்ளவர்க்கு மட்டும் திறக்கும் சுரங்கப் பாதை. சாவியில்லாதவர் தட்டினால் அது பதிலே கூறாது. ஆதலின் அங்கே கதவு இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. சில இணைய நிறுவனங்கள் பல வீடுகளுக்கு ஒரே வெளிமுகவரியைப் பகிர்ந்தளிக்கின்றன. அத்தகைய இணைப்பில் வெளியிலிருந்து நேரே வீட்டை அடைய இயலாது. தனி முகவரி ஒன்றைக் கேட்டுப் பெறுதல் வேண்டும், அல்லது ஐ.பி.வி6 வழியைப் பயன்படுத்துதல் வேண்டும்.

எல்லாம் முடிந்தபின் சோதித்துப் பார்ப்பது கடமை. வீட்டு வைஃபையை விடுத்து, கைபேசியின் சொந்த இணைப்பிலிருந்து வீட்டின் வெளிமுகவரியை அழைத்துப் பார்க்க. தீயரணின் நிர்வாகப் பக்கம் திறக்குமானால் விதியில் பிழை உள்ளது. திறக்காவிடில் காவல் நிற்கிறது.

செலவும் எல்லையும்

பழைய கணினி இலவசம் என்று எண்ணிவிடலாகாது. அது பகலிரவு ஓயாமல் இயங்க வேண்டும். 60 வாட் இழுக்கும் மேசைக் கணினி ஒன்று நாளைக்கு 24 மணி நேரமாக 30 நாள் இயங்கினால் 43 யூனிட் மின்சாரத்திற்குச் சற்று மேல் செலவாகும். 12 வாட்டில் இயங்கும் சிறு கணினிக்கு ஏறத்தாழ 9 யூனிட்டே ஆகும். முதியோர் இருவர் வாழும் வீட்டில் மாதந்தோறும் 43 யூனிட் என்பது சிறு சுமையன்று. கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் அது மேற்படிக்கும் தள்ளிவிடலாம். ஆகவே முதலில் கணினி எத்தனை வாட் இழுக்கிறது என்று அளந்து பார்க்க. அதிகம் இழுத்தால், அலுவலகங்கள் கழித்து விற்கும் கையகலக் கணினியை நாடலாம். அல்லது ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் மென்பொருளை ஏற்கக்கூடிய பழைய ரௌட்டரை நாடலாம். எதற்கும் உதவாத கணினியை ஆக்கர்க் கடையில் போடாமல், மின்னணுக் கழிவுகளைப் பெறும் முறையான இடத்தில் சேர்ப்பதே சரி.

திருவனந்தபுரத்தில் சித்திரை வைகாசியிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடி மின்னல் மிகுதி. கண்ணாடி இழை வழியே மின்சாரம் பாயாது. ஆனால் மின்சாரக் கம்பி வழியே பாயும். ஆதலின் நல்ல நிலக்கம்பி இணைப்பும், மோடம், தீயரண், வைஃபை மூன்றிற்கும் சேர்த்து ஒரு யு.பி.எஸ்.ஸும் தேவை. தீயரண் அணைந்தால் வீட்டின் இணையம் முழுவதும் அணையும் என்பதை மறத்தலாகாது.

இனி எல்லையைக் கூறுவோம். தீயரண் உறையின் மேலுள்ள முகவரியைப் படிக்கும். பூட்டிய உறைக்குள் உள்ள கடிதத்தைப் படிக்காது. தீய தளங்கள் எனத் தெரிந்தவற்றின் பெயர்களைப் பட்டியலிட்டு மறுக்க அதற்குக் கற்பிக்கலாம். ஆனால் நேற்றுத் தோன்றிய தளம் அப்பட்டியலில் இராது. எல்லாவற்றிலும் முக்கியமானது, வீட்டினுள் இருப்பவர் தாமே கதவைத் திறந்தால் காவலாளால் ஒன்றும் செய்ய இயலாது. காவல்துறை அதிகாரி போலப் பேசி, ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என மிரட்டி, முதியோரின் சேமிப்பைப் பறிக்கும் மோசடி சாதாரணத் தொலைபேசி அழைப்பில் தொடங்குகிறது. அதன்முன் தீயரண் வெறும் பெட்டியே. சட்டத்தில் அப்படியொரு கைது கிடையாது என்பதையும், பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும் என்பதையும் பெற்றோர்க்குச் சொல்லிவைப்பது, எந்த விதியையும் விட வலிய காவல்.

காவலைப் பேணுவோர் யார்?

ஊருக்கு வந்த மகன் நான்கு நாளில் தீயரணை அமைத்துவிட்டுப் புறப்பட்டுவிடலாம். ஆறு மாதம் கழித்து ஒருநாள் அது நின்றுவிட்டால், மருத்துவரைத் திரையில் காணவேண்டிய தந்தையார் என்ன செய்வார்? இவ்வினாவிற்கு விடை எழுதி வைத்த பின்னரே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும். பெரிய எழுத்தில் ஒரு தாள்: எந்தப் பெட்டி எதற்கு, எதனை முதலில் அணைத்து எதனை முதலில் ஏற்றுவது, ஒன்றும் பயன்படாவிடில் எந்தக் கம்பியைப் பிடுங்கி எங்கே செருகினால், தீயரணை விடுத்து மோடத்திலிருந்தே இணையம் கிடைக்கும், யாரைத் தொலைபேசியில் அழைப்பது. பிரிட்ஜ் முறையில் வைத்த மோடத்திற்கு இக்கடைசி வழி தானே அமையாது. ஆகவே அவ்வீட்டில் பழைய ரௌட்டர் ஒன்றை முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைத்திருத்தல் வேண்டும். இத்தாளைப் பெட்டியின் மேல் ஒட்டி, பெற்றோரை ஒருமுறை செய்துபார்க்கச் சொல்லி, அருகில் நின்று காண்க. அதிகச் செலவில்லாத இவ்வேற்பாடு அவர்களுக்குத் தரும் தைரியம் பெரிது.

அமைப்பின் நகல் ஒன்றை வேறிடத்தில் சேமித்து வைக்க. மாதம் ஒருமுறையேனும் திருத்தங்கள் வந்துள்ளனவா என்று பார்க்க. தொலைவிலிருந்து பார்ப்பதற்கு மேலே கூறிய சுரங்கப் பாதையே போதும். தீயரண் இணையத்தோடு நேரே நிற்கும் பொருள். அதற்கே திருத்தம் இடாவிட்டால் காவலாளே களவுக்குத் துணையாவான்.

ஆகவே முடிவு இது. ஒதுக்கிய கணினி நல்ல வாயிற்காவலாக வல்லது, ஐயமில்லை. ஆனால் அதற்கு மின்சாரமும் திருத்தமும் அன்றாடப் பொறுப்பாளர் ஒருவரும் வேண்டும். பொறுப்பேற்க ஒருவர் உண்டெனில் துணிந்து அமைக்க. இல்லையெனில் வேறு மூன்று வேலைகளைச் செய்தாலே பாதுகாப்பின் பெரும்பகுதி கைகூடும். மோடத்தின் கடவுச்சொல்லையும் கேமராவின் கடவுச்சொல்லையும் மாற்றுக. கருவிகள் தாமே வாயிலைத் திறந்துகொள்ளும் யூபிஎன்பி ஏற்பாட்டை அணைத்து வைக்க. கைபேசிகளுக்குத் திருத்தங்களை உடனுக்குடன் ஏற்றுக. அடுத்த முறை ஊருக்குச் செல்லும் அன்பர்கள் இனிப்புப் பெட்டியோடு ஒரு நெட்வொர்க் கார்டையும் கொண்டு செல்லலாம். அஃது இயலாவிடில், இம்மூன்றிற்கும் ஒரு பிற்பகலையேனும் ஒதுக்குக.